எம்.பி.க்கு ஏறினால் அமைச்சருக்கும் ஏறும்: பதவிச் சம்பளங்கள் எங்கே முடிவாகின்றன?

2025 மார்ச் 21ஆம் தேதி கர்நாடகச் சட்டப்பேரவையில் பெரிய அமளி. அதற்கு நடுவே, விவாதமே இல்லாமல், முதல்வர், அமைச்சர்கள், எம்.எல்.ஏ.க்களின் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் மசோதாக்கள் நிறைவேறின. அதே தேதியிட்டு டெல்லியில் நாடாளுமன்ற விவகார அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எம்.பி.க்களின் மாதச் சம்பளம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000 ஆகிறது, அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு என்றது அந்த அறிவிக்கை.

இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் வந்ததில் வியப்பில்லை. பெங்களூருவில் மசோதா வந்தது. டெல்லியில் மசோதாவும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. கர்நாடகத்தில் அமைச்சர் சம்பளம் என்று தனியாக ஒரு தொகை இருந்தது. டெல்லி அறிவிக்கை எம்.பி.க்களைப் பற்றியே பேசியது, ஆனாலும் அதனால் பிரதமரின் சம்பளமும் ஏறிவிட்டது. "சம்பளக் கமிஷன் சொன்னதா?" என்று பலர் கேட்டார்கள். சம்பளக் கமிஷனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எது எதை முடிவு செய்கிறது என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

அரசியலமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது

தொகை எதையும் அது நிரந்தரமாக நிர்ணயிக்கவில்லை. யார் நிர்ணயிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

1. மத்திய அமைச்சர்கள்: பிரிவு 75(6). நாடாளுமன்றம் சட்டம் இயற்றித் தீர்மானிக்க வேண்டும்.
2. மக்களவைத் தலைவர், துணைத் தலைவர், மாநிலங்களவைத் தலைவர், துணைத் தலைவர்: பிரிவு 97. இதுவும் நாடாளுமன்றச் சட்டம்தான்.
3. எம்.பி.க்கள்: பிரிவு 106. மறுபடியும் நாடாளுமன்றம்.
4. மாநிலங்களில் அமைச்சர்களுக்குப் பிரிவு 164(5), பேரவைத் தலைவர்களுக்கு 186, எம்.எல்.ஏ.க்களுக்கு 195. மூன்றிலும் அந்தந்த மாநிலச் சட்டமன்றம்.

வாங்குகிறவர்களே முடிவு செய்கிறவர்களாகவும் இருக்கிறார்கள். இதில் சதி எதுவும் இல்லை. மக்கள் பணத்தை எடுக்கும் அதிகாரம் மக்கள் பிரதிநிதிகளின் அவைக்கு மட்டுமே உண்டு என்ற கொள்கையின் நேரடி விளைவு இது. வேறு எவரிடம் கொடுத்தாலும் அந்த அமைப்புக்கு அதிகாரம் தர நாடாளுமன்றம்தான் சட்டம் போட வேண்டியிருக்கும்.

பலர் கவனிக்காத ஒரு வேறுபாடு இங்கே உண்டு. பிரிவு 112(3)இன்படி இரு அவைகளின் தலைவர்கள், துணைத் தலைவர்களின் சம்பளம் இந்தியத் தொகுப்பு நிதியின் (மத்திய அரசின் வருவாய் வந்து சேரும் பொதுக் கருவூலம்) மீது நேரடியாகச் சுமத்தப்படும் செலவு. குடியரசுத் தலைவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியமும் இதே வகைதான். இந்த வகைச் செலவை அவையில் விவாதிக்கலாம்; வாக்கெடுப்புக்கு விட முடியாது. அமைச்சர் சம்பளத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது ஆண்டுதோறும் அரசு தன் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கையில் வந்து அவையின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். காரணம் எளிது. அமைச்சர் அவைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவைத் தலைவர் பெரும்பான்மையின் கோபதாபத்துக்கு அஞ்சாமல் நடக்க வேண்டியவர். ஒருவரின் சம்பளத்தை அவையின் கைக்குள்ளும் மற்றவருடையதைக் கைக்கு எட்டாத இடத்திலும் வைத்திருக்கிறார்கள்.

நான்கு சட்டங்கள், ஒரே எண்

பிரிவுகள் சொன்னபடி நாடாளுமன்றம் நான்கு சட்டங்களை இயற்றியிருக்கிறது:

1. அமைச்சர்கள் சம்பளம் மற்றும் படிகள் சட்டம், 1952
2. நாடாளுமன்ற அலுவலர்கள் சம்பளம் மற்றும் படிகள் சட்டம், 1953. இங்கே 'அலுவலர்கள்' என்றால் அவைத் தலைவர்களும் துணைத் தலைவர்களும்.
3. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பளம், படிகள், ஓய்வூதியச் சட்டம், 1954
4. எதிர்க்கட்சித் தலைவர்கள் சம்பளம் மற்றும் படிகள் சட்டம், 1977

இவற்றில் உண்மையான எண் இருக்கும் இடம் 1954 சட்டத்தின் 3ஆவது பிரிவு. மற்ற மூன்றும் பெரும்பாலும் அதையே கைகாட்டுகின்றன. 1952 சட்டம் அமைச்சருக்கென்று தனித் தொகை குறிப்பிடுவதில்லை, "1954 சட்டத்தின் 3ஆவது பிரிவில் எம்.பி.க்கு உள்ள அதே விகிதத்தில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. மக்களவைத் தலைவருக்கும் இரு அவை எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் அதே கதைதான். அதனால்தான் 2025 அறிவிக்கையில் எம்.பி.யின் எண் மாறியதும் பிரதமர், கேபினட் அமைச்சர், இணை அமைச்சர், மக்களவைத் தலைவர் எல்லோருடைய சம்பளமும் ஒரே வீச்சில் 1,24,000 ஆனது.

அடிப்படைச் சம்பளத்தில் பிரதமரும் முதல்முறை வென்று வந்த எம்.பி.யும் சமம். அப்படியானால் அமைச்சர் இரட்டைச் சம்பளம் வாங்குகிறாரா? இல்லை. 1954 சட்டம் 'உறுப்பினர்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே அமைச்சர்கள், அவைத் தலைவர்கள், எதிர்க்கட்சித் தலைவர்கள் ஆகியோரை விலக்கி வைத்திருக்கிறது. பதவி ஏற்றதும் ஒரு சட்டத்தின் பட்டியலிலிருந்து இன்னொன்றின் பட்டியலுக்கு மாறுகிறார்கள், அவ்வளவே.

விதிவிலக்கு ஒருவர் உண்டு: மாநிலங்களவைத் தலைவர். குடியரசுத் துணைத் தலைவர்தான் அந்த நாற்காலியில் அமர்வார். குடியரசுத் துணைத் தலைவர் என்ற பதவிக்குச் சம்பளமே கிடையாது. அவைத் தலைவர் என்ற முறையில்தான் அவர் சம்பளம் பெறுகிறார். அது மாதம் 4,00,000 ரூபாய். 2025 செப்டம்பரில் தேர்வான திருப்பூர்க்காரர் சி.பி. ராதாகிருஷ்ணன் இந்தக் கணக்கில் வருகிறார். அதற்கு முன்பு அவர் மகாராஷ்டிர ஆளுநர். ஆளுநர் சம்பளம் 3,50,000. மேலவைத் தலைவருக்கு நான்கு லட்சம், மக்களவைத் தலைவருக்கு ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவு என்பது வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு விசித்திரமாகத்தான் தெரியும்.

எதிர்க்கட்சித் தலைவர் விஷயத்தில் ஒரு சிறு திருத்தம் தேவை. அவையில் 10 சதவீத இடம் இருந்தால்தான் அந்தப் பதவியும் சம்பளமும் என்று செய்திகளில் சொல்வார்கள். 1977 சட்டத்தில் அந்த 10 சதவீதம் இல்லை. எண்ணிக்கையில் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர், அவைத் தலைவரால் அங்கீகரிக்கப்பட்டவர் என்றுதான் இருக்கிறது. பத்து சதவீதக் கணக்கு முதல் மக்களவைத் தலைவர் மவ்லங்கர் காலத்திலிருந்து வரும் வழக்கம். 2014இல் 44 இடமும் 2019இல் 52 இடமும் பெற்ற காங்கிரசுக்கு அந்த வழக்கத்தின்படி பதவி கிடைக்கவில்லை. பத்து ஆண்டு காலியாக இருந்த இடத்துக்கு 2024 ஜூனில் ராகுல் காந்தி வந்தார்.

படிகள்: வேறுபாடு தொடங்கும் இடம்

சம்பளம் எல்லோருக்கும் ஒன்று என்றால் வித்தியாசம் எங்கே வருகிறது? படிகளில். எம்.பி.க்கு முக்கியமானவை மூன்று:

1. தினப்படி: நாளுக்கு 2,500 ரூபாய் (முன்பு 2,000). கூட்டத்தொடர், குழுக் கூட்டம் போன்ற பணிக்காகத் தங்கும் நாட்களுக்கு மட்டும். கூட்டத்தொடர் நாட்களில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் கிடைக்கும்.
2. தொகுதிப் படி: மாதம் 87,000 ரூபாய் (முன்பு 70,000). நியமன உறுப்பினர்களுக்கும் இது உண்டு. அவர்களுக்குத் தொகுதி எது என்று கேட்டால் பதில் இல்லை.
3. அலுவலகச் செலவுப் படி: மாதம் 75,000 ரூபாய் (முன்பு 60,000). இதில் பெரும்பகுதி உதவியாளர் சம்பளத்துக்கு.

அமைச்சருக்குத் தினப்படியின் விதி வேறு. பதவியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்கு அது உண்டு. அவை நடக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இல்லை. 30 நாள் மாதத்துக்கு 75,000. தொகுதிப் படியும் எம்.பி. விகிதத்திலேயே. இவற்றோடு விருந்தினர் உபசரிப்புக்கென ஒரு படி: பிரதமருக்கு 3,000, கேபினட் அமைச்சருக்கு 2,000, இணை அமைச்சருக்கு 1,000, துணை அமைச்சருக்கு 600 ரூபாய். சட்டத்தில் பிரதமரைக் கேபினட் அமைச்சரிடமிருந்து ரொக்கத்தில் பிரித்துக் காட்டுவது மாதம் அந்த ஆயிரம் ரூபாய்தான். எல்லாவற்றையும் கூட்டினால் பிரதமருக்கு 30 நாள் மாதத்தில் 1,24,000 + 75,000 + 87,000 + 3,000, அதாவது 2,89,000 ரூபாய். வீடு, வாகனம், பாதுகாப்பு, பயணம் இந்தக் கணக்கில் வராது. உண்மையான மதிப்பு அவற்றில்தான் இருக்கிறது. டெல்லியின் நடுவில் அரசு பங்களாவுக்குச் சந்தை வாடகை என்னவாக இருக்கும் என்று யோசித்தால் போதும்.

இனி, யார் முடிவு செய்கிறார்கள் என்பது. சம்பளம், தினப்படி, ஓய்வூதியம் ஆகியவை சட்டத்திலேயே எழுதப்பட்டவை. தொகுதிப் படி, அலுவலகப் படி, வீட்டு வசதி, தொலைபேசி போன்றவை விதிகளில் இருப்பவை. அந்த விதிகளை எழுதுவது 1954 சட்டத்தின் 9ஆவது பிரிவின் கீழ் வரும் கூட்டுக் குழு: மக்களவையிலிருந்து 10 பேர், மாநிலங்களவையிலிருந்து 5 பேர். மத்திய அரசைக் கலந்தாலோசித்து இவர்கள் விதிகளை வகுப்பார்கள். இரு அவைத் தலைவர்களும் ஒப்புதல் தந்து அரசிதழில் வெளியானால் அது அமலுக்கு வரும். அவையில் மசோதா எதுவும் வரவேண்டியதில்லை. சம்பளம் உயர்ந்தால் தலைப்புச் செய்தி. படி உயர்ந்தால் உள்பக்கச் செய்தி. மாதத் தொகையில் பாதிக்கு மேல் படிகளே என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எம்.பி.க்கு முதலாளி கிடையாது என்பதால் அவர் சம்பளம் வருமான வரியில் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் வருகிறது. தினப்படிக்கும் தொகுதிப் படிக்கும் வரி இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அமைச்சர்களின் வருமான வரியை மாநில அரசே கட்டிக்கொண்டிருந்தது. 2019இல் அது செய்தியாகி வெளியே வந்த பிறகுதான் நின்றது.

400 ரூபாயிலிருந்து இங்கே வந்த வழி

1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் அரசுப் பணியில் யாருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கூடாது என்றது. 1937இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சர்கள் அந்த 500 ரூபாயைச் சம்பளமாக ஏற்றார்கள். அந்த எளிமைப் பாரம்பரியத்தின் நிழல் 1954 சட்டத்திலும் தெரிந்தது: எம்.பி. சம்பளம் மாதம் 400 ரூபாய், தினப்படி 21 ரூபாய்.

அதன் பிறகு 1964இல் 500. அடுத்த உயர்வுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின, 1983இல் 750. 1985இல் 1,000, 1988இல் 1,500, 1998இல் 4,000, 2001இல் 12,000, 2006இல் 16,000. ஒவ்வொரு முறையும் சட்டத் திருத்தம், ஒவ்வொரு முறையும் "தங்களுக்குத் தாங்களே" என்ற விமர்சனம். விமர்சனத்துக்குப் பயந்து அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் படிகளையும் வசதிகளையும் கூட்டிக்கொண்டே போகும் பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது என்பது என் கணிப்பு.

2010இல் நடந்தது இந்த முறையின் கோளாறை முழுதாகக் காட்டியது. கூட்டுக் குழு 80,001 ரூபாய் கேட்டது. ஏன் அந்த ஒரு ரூபாய்? அப்போது அரசுச் செயலரின் சம்பளம் 80,000. மக்கள் பிரதிநிதி அதிகாரியை விட ஒரு ரூபாயாவது மேலே இருக்க வேண்டும் என்பது வாதம். அமைச்சரவை 50,000க்கு ஒப்புக்கொண்டது. லாலு பிரசாத், முலாயம் சிங் தரப்பினர் போதாது என்று அவையில் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். சம்பளத்தை ஏற்றினால் பெயர் கெடும் என்பதால் அரசு தொகுதிப் படியிலும் அலுவலகப் படியிலும் தலா 5,000 கூட்டிச் சமாதானம் செய்தது. 16,000 ஒரே தாவலில் 50,000 ஆனது.

அடுத்த திருப்பம் 2018. அந்த ஆண்டு பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி, எம்.பி.க்கள் தங்கள் ஊதியத்தைத் தாங்களே நிர்ணயிப்பது பற்றிய விமர்சனத்தைக் குறிப்பிட்டு, இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்பத் தானாகவே திருத்தம் வரும் என்று அறிவித்தார். சம்பளம் 1,00,000 ஆனது. அதே நிதிச் சட்டத்தில் குடியரசுத் தலைவருக்கு 5 லட்சம், துணைத் தலைவருக்கு 4 லட்சம், ஆளுநருக்கு 3.5 லட்சம் என்று உயர்ந்தது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு அமைச்சரவைச் செயலர் 2.5 லட்சம் வாங்க, குடியரசுத் தலைவர் 1.5 லட்சத்தில் இருந்த முரண்பாடு அதோடு தீர்ந்தது. சுயநிர்ணயத்தை ஒழிக்கும் இந்தத் திருத்தம் நிதி மசோதாவுக்குள் வைக்கப்பட்டிருந்தது. 2018 மார்ச் 14 அன்று அந்த மசோதா மக்களவையில் அமளிக்கிடையே விவாதமின்றி நிறைவேறியது.

24 சதவீதம் எப்படி வந்தது

சட்டம் கைகாட்டுவது 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 48ஆவது பிரிவில் உள்ள செலவுப் பணவீக்கக் குறியீட்டை. நிலம் விற்றவர்கள் ஆடிட்டரிடம் "இண்டெக்சேஷன் போட்டாச்சா?" என்று கேட்பார்களே, அதே எண்தான். பழைய விலையில் வாங்கிய சொத்தின் மதிப்பை இன்றைய விலைக்குக் கொண்டுவந்து மூலதன ஆதாய வரி கணக்கிடுவதற்காக ஏற்பட்டது. 2001-02ஐ 100 என்று வைத்து ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஓர் எண் அறிவிக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்:

1. 2018-19க்கான எண் 280. 2023-24க்கான எண் 348.
2. 348ஐ 280ஆல் வகுத்தால் 1.243.
3. 1,00,000 × 1.243 = 1,24,300. அறிவித்தது 1,24,000.
4. ஓய்வூதியம் 25,000 × 1.243 = 31,075. அறிவித்தது 31,000.
5. தினப்படி 2,000 × 1.243 = 2,486. அறிவித்தது 2,500.

உயர்வு முன்தேதியிடப்பட்டதால், 2023 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை இரண்டு ஆண்டும் தொடர்ந்து உறுப்பினராக இருந்தவருக்கு, சம்பள நிலுவை மட்டும் மாதம் 24,000 வீதம் 24 மாதத்துக்கு 5,76,000 ரூபாய்.

அரசு ஊழியர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. மத்திய அரசு ஊழியருக்கு அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை மாறும். 2018 ஜனவரியில் 7 சதவீதம், 2023 ஜனவரியில் 42. அதாவது 107 ரூபாய் வாங்கியவர் ஐந்தாண்டில் 142க்கு வந்தார். ஏறக்குறைய 33 சதவீத உயர்வு. ஆண்டுதோறும் வரும் 3 சதவீத இன்கிரிமெண்ட் தனி. எம்.பி.க்கு 24தான். காரணம், செலவுப் பணவீக்கக் குறியீடு நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீட்டின் சராசரி உயர்வில் 75 சதவீதத்தை மட்டும் கணக்கில் கொள்கிறது. விலைவாசி நான்கு படி ஏறினால் இது மூன்று படி ஏறும். இந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்ததன் மூலம் எம்.பி. சம்பளம் நாளடைவில் உண்மை மதிப்பில் சற்றுக் கரைந்துகொண்டே இருக்கும் ஏற்பாட்டை நாடாளுமன்றம் செய்திருக்கிறது. தெரிந்து செய்ததா, கைக்குக் கிடைத்த குறியீட்டை எடுத்ததா என்பது வேறு. 2025இல் "எம்.பி.க்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள்" என்று எழுந்த கோபத்துக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை. கோபப்பட நியாயமான இடம் ஓய்வூதியம். எவ்வளவு குறைந்த காலம் பதவியில் இருந்தாலும் அது உண்டு. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 கூடுதல். இதை எதிர்த்து லோக் பிரஹரி என்ற அமைப்பு தொடுத்த வழக்கை 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, இது நாடாளுமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று விட்டுவிட்டது.

ஏற்றியது போல் குறைக்கவும் முடியும்

குடியரசுத் தலைவரின் ஊதியத்தைப் பதவிக் காலத்தில் குறைக்க முடியாது. பிரிவு 59(4) தடுக்கிறது. எம்.பி.க்கும் அமைச்சருக்கும் அந்தத் தடுப்பு இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில் அவசரச் சட்டம் மூலம் எம்.பி. சம்பளம் ஓராண்டுக்கு 30 சதவீதம் வெட்டப்பட்டது. அமைச்சர்களின் சம்பளம் எம்.பி. எண்ணோடு கட்டப்பட்டிருப்பதால் தானாகவே குறைந்தது. உபசரிப்புப் படியைக் குறைக்க மட்டும் 1952 சட்டத்துக்கு இன்னோர் அவசரச் சட்டம் தேவைப்பட்டது. பிரதமரின் 3,000 ரூபாய் 2,100 ஆனது. குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் தாமாக முன்வந்து 30 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். அவர்களிடம் வேறு வழியில் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை.

மாநிலங்களில் இந்த ஒழுங்கு இல்லை

ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போகிறது. கர்நாடகத்தில் அமைச்சர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனித் தொகை. 2025இல் முதல்வருக்கு 75,000லிருந்து 1,50,000, அமைச்சருக்கு 60,000லிருந்து 1,25,000, எம்.எல்.ஏ.வுக்கு 40,000லிருந்து 80,000. குறியீடு இல்லாத இடத்தில் உயர்வு தாவித் தாவித்தான் வரும். பல ஆண்டு பேசாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பு.

தமிழ்நாட்டுக்கு அடிப்படை 1951ஆம் ஆண்டின் சம்பளம் வழங்கல் சட்டம். 2017 ஜூலையில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி எம்.எல்.ஏ.க்களின் மொத்த மாத ஊதியம் 55,000லிருந்து 1,05,000 ஆகும் என்று பேரவையில் அறிவித்தார். தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் போராடிக்கொண்டிருந்த நேரம் அது. விமர்சனம் கடுமையாக இருந்தது. சட்டத் திருத்தம் 2018 ஜனவரியில் நிறைவேறியது. இங்கும் 1,05,000 என்பதில் சம்பளம் சிறு பகுதி, மீதி படிகள்.

பஞ்சாப் 2022இல் வேறொரு பக்கத்தைத் தொட்டது. எத்தனை முறை எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் ஒரே ஓய்வூதியம்தான் என்று பகவந்த் மான் அரசு சட்டம் கொண்டுவந்தது.

எத்தனை பேருக்குக் கொடுக்கலாம், யார் வாங்கக் கூடாது

தொகைக்கு உச்சவரம்பு இல்லை, தலைகளுக்கு உண்டு. 2003இல் வந்த 91ஆவது திருத்தத்தின்படி அமைச்சரவை அவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மக்களவையின் 543க்கு 81. தமிழ்நாட்டின் 234க்கு முதல்வரோடு சேர்த்து 35.

அப்புறம் என்ன செய்வார்கள்? அமைச்சராக முடியாதவர்களுக்கு வாரியத் தலைவர், நாடாளுமன்றச் செயலர் என்று பதவி கொடுப்பார்கள். அங்கேதான் பிரிவு 102 குறுக்கே நிற்கிறது. அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகித்தால் எம்.பி. பதவி பறிபோகும், எம்.எல்.ஏ.க்களுக்கு 191. அமைச்சர் பதவிக்கு இந்தத் தடையிலிருந்து அரசியலமைப்பே விலக்குத் தந்திருக்கிறது.

2006 மார்ச்சில் ஜெயா பச்சன் உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கவுன்சிலின் தலைவராக இருந்ததற்காக மாநிலங்களவைப் பதவியை இழந்தார். தாம் ஒரு பைசாவும் வாங்கவில்லை என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கினாரா என்பது கேள்வியல்ல, வாங்கும் உரிமை பதவியோடு இருந்ததா என்பதே கேள்வி என்றது. அதே மார்ச்சில் தேசிய ஆலோசனைக் குழுத் தலைவராக இருந்த சோனியா காந்தி எம்.பி. பதவியை விட்டு விலகி மறுபடி தேர்தலில் நின்றார். பிறகு ஒரு நீண்ட பட்டியலுக்கு விலக்களிக்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். இரு அவைகளும் மீண்டும் நிறைவேற்றியதால் கையெழுத்திட்டார். 1991-96இல் முதல்வர் ஜெயலலிதா செய்தது போல ஒரு ரூபாய்ச் சம்பளம் வாங்குவது அரசியலில் எடுபடலாம். ஆதாயப் பதவிச் சட்டத்தின் முன் அத்தகைய துறவுக்கு மதிப்பில்லை.

வெளியே எப்படி

பிரிட்டனில் 2009 படிச் செலவு ஊழலுக்குப் பிறகு எம்.பி.க்களின் ஊதியம் சுயேச்சையான ஓர் ஆணையத்திடம் போய்விட்டது. 2015இல் அந்த ஆணையம் 67,060 பவுண்டை 74,000 ஆக்கியது. பிரதமர் கேமரூன் உட்படக் கட்சித் தலைவர்கள் வேண்டாம் என்றார்கள், நடக்கவில்லை. ஆனால் அமைச்சர்களின் கூடுதல் சம்பளம் இன்றும் 1975 சட்டத்தின் கீழ் அரசின் கையில். அங்கே அமைச்சர் எம்.பி. சம்பளத்தையும் அமைச்சர் சம்பளத்தையும் சேர்த்தே வாங்குவார். சம்பளம் தரக்கூடிய பதவிகளின் எண்ணிக்கைக்குச் சட்டம் வரம்பு வைத்திருப்பதால் சில அமைச்சர்கள் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்திருக்கிறார்கள்.

சிங்கப்பூர் நேர் எதிர்த் துருவம். குடிமக்களில் அதிகம் சம்பாதிக்கும் 1,000 பேரின் நடு வருமானத்தை எடுத்து, பொதுச் சேவை என்பதற்காக அதில் 40 சதவீதம் கழித்து அமைச்சர் சம்பளம் நிர்ணயிக்கும் முறை 2012இல் வந்தது. தொடக்க நிலை அமைச்சருக்கு ஆண்டுக்கு 11 லட்சம் சிங்கப்பூர் டாலர், பிரதமருக்கு 22 லட்சம். வேலையின்மை, உண்மை வளர்ச்சி, அடிமட்ட 20 சதவீதத்தினரின் வருமான உயர்வு போன்றவற்றைப் பார்த்து போனசும் உண்டு. ஓய்வூதியம் கிடையாது. அது சரியா தவறா என்பது அங்கேயே தீராத விவாதம். ஆனால் குடிமகன் ஒரே தொகையைப் பார்த்து இவ்வளவு என்று சொல்ல முடியும். நம் ஊரில் 1,24,000 என்ற எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

மக்களவைத் தலைவராக இருந்தபோது சோம்நாத் சட்டர்ஜி, எம்.பி. ஊதியத்தைச் சுயேச்சையான ஆணையம் முடிவு செய்யட்டும் என்று வலியுறுத்தினார். அப்படி ஓர் அமைப்பு வரவில்லை; அதற்குப் பதிலாகக் குறியீடு வந்தது. குறியீடு சட்டப்படி ஆள்வது சம்பளம், தினப்படி, ஓய்வூதியம் மூன்றை மட்டும். படிகள் கூட்டுக் குழுவிடமே இருக்கின்றன. அவற்றை ஏற்ற ஐந்தாண்டு காத்திருக்கத் தேவையில்லை.

சம்பளத்தில் அடுத்த திருத்தம் 2028 ஏப்ரல் 1 முதல். அப்போது அறிவிக்கப்படும் எண்ணை 348ஆல் வகுப்பார்கள். 2024-25க்கு 363, 2025-26க்கு 376 வந்திருக்கிறது. 2025-26க்குள்ளேயே 8 சதவீதம் சேர்ந்துவிட்டது.